அதிகாரிப் பயிற்சிக் கழகங்களின் தலைவர்களுக்கு: எல்லையைக் காக்கவும் கற்றுக்கொடுங்கள்

ராணுவ அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கழகங்களின் தலைவர்களுக்கும், அங்கே பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

சிப்பாயாகச் சேர்ந்து, சார்ஜென்ட்டாக உயர்ந்து, பணிக்காலத்தின் பிற்பாதியை பிளாட்டூன் சார்ஜென்ட்டாகக் கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். உங்களைப் போன்ற கழகங்களில் பயிற்சி முடித்து நேராக எங்கள் கம்பெனிக்கு (சில பிளாட்டூன்கள் சேர்ந்த படை அலகு) வந்து சேர்ந்த இளம் லெப்டினன்ட்டுகள் பலருக்கு முதல் நாளிலிருந்தே பக்கத்துணையாக இருந்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் நல்ல அதிகாரிகளாக வளர்ந்தார்கள். ஆனால் வரைபடம் வாசிப்பதிலோ துணிவிலோ உடல் வலுவிலோ ஒரு குறையும் சொல்ல முடியாத சிலர், தங்கள் கீழே பணிபுரியும் சிப்பாய்களிடம் எவ்வளவு நெருங்கலாம், எந்த இடத்தில் நின்றுகொள்ள வேண்டும் என்பது தெரியாமல், வந்த சில மாதங்களிலேயே தங்கள் சொல்லுக்கு மதிப்பில்லாமல் செய்துகொண்டதையும் பார்த்தேன். அந்தச் சேதத்தில் அவர்களைவிட அதிகம் இழந்தவர்கள் அவர்களுக்குக் கீழே இருந்த சிப்பாய்களே. அதனால்தான் இதைப் பகிரங்கமாகக் கேட்கிறேன்: அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் இடையிலான எல்லையைக் காக்கும் பொறுப்பு முதன்மையாக அதிகாரியுடையது, அது சிப்பாயின் நலனுக்காக ஏற்பட்ட பொறுப்பு என்பதை, கமிஷன் என்னும் அதிகாரி நியமனம் பெறுவதற்கு முன்பே உங்கள் மாணவர்களின் மனத்தில் பதிய வையுங்கள்.

புதிதாக வரும் லெப்டினன்ட்டின் நிலையை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். வயது 22 அல்லது 23 இருக்கும். அவர் கையில் ஒப்படைக்கப்படுவது 30 முதல் 40 பேர் கொண்ட ஒரு பிளாட்டூன். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் அவருடைய வயதை ஒட்டியவர்கள். அவர் கேட்கும் பாட்டையே கேட்பவர்கள், அவர் பார்க்கும் ஆட்டத்தையே பார்ப்பவர்கள். அவருக்கு அடுத்த நிலையில் நிற்கும் சார்ஜென்ட்டோ பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர். அவரிடம் மனம் விட்டுப் பேசத் தயக்கமாக இருக்கும். கம்பெனியில் மற்ற அதிகாரிகள் என்று பார்த்தால் நான்கைந்து பேர். அவர்களிலும் மூத்தவர்களுக்குக் குடும்பம் இருக்கும், மாலையானால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பயிற்சிக் கழகத்தில் இரவும் பகலும் தோளோடு தோள் நின்ற தோழர்கள் திசைக்கொருவராகப் பிரிந்து போயிருப்பார்கள். இந்த நிலையில் ஓர் இளைஞர் தனக்கு நண்பர்கள் வேண்டும் என்று நினைப்பதில் வியப்பில்லை. அந்த நண்பர்களைத் தன் பிளாட்டூனுக்குள்ளேயே தேடுவதிலும் வியப்பில்லை. எல்லை மீறல்கள் எல்லாம் தீய எண்ணத்தில் தொடங்குவதாக எண்ணி நீங்கள் பாடம் நடத்தினால், நல்ல மனம் படைத்த உங்கள் மாணவர் அந்தப் பாடம் தனக்கல்ல என்று நினைத்துக்கொள்வார். நான் பார்த்தவற்றில் பல, தனிமையில் தொடங்கியவை.

என்னிடம் வந்த லெப்டினன்ட்டுகளிடம், கழகத்தில் இது பற்றி என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்பதுண்டு. பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்றுதான் வரும். சட்டப் பிரிவு அலுவலர் ஒருவர் வந்து, எதெல்லாம் தடை, எதற்கு என்ன தண்டனை என்று ஒரு மணி நேரம் வாசித்துவிட்டுப் போனார் என்பார்கள். அல்லது, சிப்பாய்களைத் தள்ளியே வை, சிரித்துப் பேசினால் தலையில் ஏறிக்கொள்வார்கள் என்று மூத்த அதிகாரி ஒருவர் அறிவுரை சொன்னார் என்பார்கள். முதல் வகைப் பாடம் தேர்வு முடிந்ததும் மறந்துபோகிறது. இரண்டாவது வகைப் பாடம் மறப்பதில்லை, அதுதான் வருத்தம். தள்ளி வைப்பதே எல்லை காப்பது என்று நம்பி வரும் அதிகாரி, தன் சிப்பாயின் தாய் நோயுற்றிருப்பதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ஓராண்டைக் கழித்துவிடுகிறார்.

நெருக்கம் எப்படிக் கெடுதலாகிறது என்பதை ஒரு சின்ன நிகழ்ச்சியால் சொல்கிறேன். எங்கள் லெப்டினன்ட் ஒருவர், பிளாட்டூனில் சார்ஜென்ட்டுக்குக் கீழ்நிலையில் இருந்த இரண்டு கார்ப்பரல்களோடும் ஒரு சிப்பாயோடும் ஓய்வு நாள் மாலைகளில் சீட்டாடுவதை வழக்கமாக்கிக்கொண்டார். பணம் வைத்து ஆடவில்லை. ஆட்டத்தின்போது தன்னைப் பெயர் சொல்லியே அழைக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். சில வாரங்கள் கழித்து, விடுமுறை நாள் இரவுக் காவலுக்கான பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. பட்டியலை முறைப்படி தயாரித்தவன் நான், கையொப்பமிட்டவர் லெப்டினன்ட். அந்த மூவரின் பெயரும் அதில் இல்லை, அவர்களுடைய முறை அப்போது வரவில்லை என்பதைத் தவிர வேறு காரணமும் இல்லை. இளம் சிப்பாய் ஒருவர் பலகையின் முன் நின்று, விரலை ஒவ்வொரு பெயராக நகர்த்திக்கொண்டே வந்து, கடைசியில், “சாரோட சீட்டாடுறவங்க பேர் இதுல எப்படி சார்ஜென்ட் வரும்?” என்றார். நான் அவரை அலுவலகத்துக்குள் அழைத்து, முந்தைய மாதங்களின் பதிவேட்டைத் திறந்து, யார் யார் எந்த இரவில் நின்றார்கள் என்பதைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் நம்பவில்லை. கதவைத் தாண்டும்போதே அவர் முகத்தில் அது தெரிந்தது.

லெப்டினன்ட் ஒரு தவறும் செய்யவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். பாரபட்சம் காட்டினாரா என்பது ஒரு கேள்வி, பாரபட்சம் காட்டமாட்டார் என்று முப்பது பேர் நம்புகிறார்களா என்பது வேறொரு கேள்வி. படையில் இரண்டாவதும் முதலாவதைப் போலவே கனமானது. இதற்குப் பின் நடந்தது இன்னும் வேதனையானது. சீட்டாடும் மூவரில் ஒருவரான சிப்பாய் ஒரு நாள் காலை அணிவகுப்புக்குத் தாமதமாக வந்தார். வேறு யாராக இருந்தாலும் கண்டிப்போடு முடிந்திருக்கும் விஷயம். லெப்டினன்ட் இரண்டு நாள் முடிவெடுக்காமல் தள்ளிப்போட்டார். பிறகு, நண்பனுக்குச் சலுகை காட்டினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில், வழக்கத்தைவிடக் கடுமையான தண்டனையைக் கொடுத்தார். அந்த நட்புக்கு விலை கொடுத்தவர் சிப்பாய்தான். நட்பு வேண்டும் என்று முதலில் கை நீட்டியவரோ அதிகாரி.

பணி எளிதாக இருக்கும் நாட்களிலேயே இப்படியென்றால், உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் என்னவாகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கண்ணிவெடி இருக்கலாம் என்று ஐயப்படும் பாதையில் முதலில் யார் நடப்பது என்பதை அந்த 23 வயது இளைஞர்தான் ஒருநாள் சொல்ல வேண்டியிருக்கும். அவர் சொல்லும் பெயர், பயிற்சியையும் முறையையும் மட்டுமே பார்த்துச் சொல்லப்பட்ட பெயர் என்று, அந்தப் பெயருக்கு உரியவரும் மற்றவர்களும் ஐயமின்றி நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை அன்றைக்கு உருவாவதில்லை. விடுப்பு வழங்குவதிலும், காவல் பட்டியலிலும், யாரோடு உட்கார்ந்து பேசுகிறார் என்பதிலும் அதற்கு முந்தைய மாதங்களில் உருவாகிறது.

உலகின் படைகள் இதைச் சட்டத்தில் எப்படி வைத்திருக்கின்றன என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் பிரிவு எண்களை ஒப்பிக்க வைப்பதற்காகச் சொல்லாதீர்கள், அவற்றின் பின்னே உள்ள நியாயத்துக்காகச் சொல்லுங்கள். அமெரிக்க ராணுவ நீதிச் சட்டத் தொகுப்பின் 134-ஆம் பிரிவின் கீழ், பதவி வேறுபாடே இல்லாததுபோல் சிப்பாய்களோடு சரிசமமாகப் பழகிப் படையின் வழக்கத்தை மீறுவது, 1984-இல் வெளிவந்த ராணுவ நீதிமன்றக் கையேட்டிலேயே தனிக் குற்றமாக வரையறுக்கப்பட்டது. பதவி நீக்கமும், ஊதியம் முழுவதையும் இழப்பதும், இரண்டாண்டு வரை சிறையும் அதற்குரிய உச்சத் தண்டனை. அந்தக் குற்றத்தின் கூறுகளில் முதலாவது, குற்றம் சாட்டப்படுபவர் அதிகாரியாக இருக்க வேண்டும் என்பதே. அப்படி வரையறுத்த அந்தக் குற்றத்தைச் சிப்பாய் மீது சாட்ட முடியாது. உறவில் இருவர் இருந்தாலும் அந்த வரையறை அதிகாரியை மட்டும் பார்த்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது: சிப்பாயின் பணியை மதிப்பிடும் ஆண்டறிக்கையை எழுதுபவரும், விடுப்பில் கையொப்பமிடுபவரும், தண்டனைக்குப் பரிந்துரைப்பவரும் அவரே. அந்நாட்டுத் தரைப்படையின் ஒழுங்குமுறை விதிகளும், இரு தரப்புக்கும் பொறுப்பு உண்டு என்று சொன்னாலும், உறவை நிறுத்தவோ மட்டுப்படுத்தவோ பொதுவாக மூத்த நிலையில் இருப்பவருக்கே அதிக வாய்ப்பு உண்டு என்று தெளிவாகச் சொல்கின்றன.

அதே தரைப்படையில், ஒரே கட்டளைத் தொடரில் இல்லாத, அதாவது ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரியாக இல்லாத, அதிகாரியும் சிப்பாயும் காதலிப்பது முன்பு அனுமதிக்கப்பட்டே இருந்தது. மற்றப் படைப்பிரிவுகளின் விதிகள் வேறாக இருந்தன. முப்படைகளும் ஒன்றாகப் பணியாற்றும் இடங்களில் ஒருவருக்குக் குற்றமானது அடுத்தவருக்குக் குற்றமாகாத நிலை இருக்கக் கூடாது என்று, 1998-இல் பாதுகாப்புத் துறைச் செயலர் வில்லியம் கோஹன் ஒரே மாதிரி விதிகளுக்கு ஆணையிட்டார். 1999 மார்ச்சில் தரைப்படையின் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. அதுவரை விதிக்கு உட்பட்டிருந்த காதல் உறவுகளில் இருந்தவர்கள் திருமணம் செய்துகொள்ளவோ பிரிந்துவிடவோ ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. பிரிட்டன் இன்னொரு வழியில் போனது. 2000-இல் அது வகுத்த சமூக நடத்தை நெறி, நீண்ட தடைப் பட்டியலுக்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியை அளவுகோலாக வைத்தது: ஒருவரின் செயலோ நடத்தையோ படையின் திறனையும் போரிடும் ஆற்றலையும் பாதித்திருக்கிறதா, அல்லது பாதிக்கக்கூடுமா? எனக்கு இந்தக் கேள்வி பிடித்திருக்கிறது. ஆனால் 22 வயதில் அதற்கு நேர்மையாக விடை சொல்லும் பக்குவம் தானாக வருவதில்லை; பயிற்சியால்தான் வரும். எனவே தெளிவான தடைகளும் வேண்டும், அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் பழக்கமும் வேண்டும் என்பது என் கருத்து.

காதலும் பாலியல் உறவும் சார்ந்த எல்லைகளைப் பற்றிப் பேசும்போது, பெரும்பாலான வகுப்புகள் “இருவரும் சம்மதித்தால்?” என்ற கேள்வியில் வந்து நின்றுவிடுகின்றன. சம்மதம் என்பது மறுக்கும் வசதி உள்ளவர் தரும்போதுதான் சம்மதம். பயிற்சியில் இருக்கும் புதிய சிப்பாய்களிடம் பயிற்சியாளர்களும் ஆட்சேர்ப்பு அலுவலர்களும் பாலியல் உறவு கொள்வதைத் தண்டிக்க, அமெரிக்காவில் 93அ என்ற பிரிவு 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது; சம்மதம் இருந்தது என்பது அந்தக் குற்றச்சாட்டுக்கு எதிர்வாதமாகாது என்று சட்டமே சொல்லிவிடுகிறது. பயிற்சி முடித்த சிப்பாயிடமும் அதிகாரியின் அதிகாரம் அடியோடு மறைந்துபோவதில்லை.

இதையும் ஓர் உதாரணத்தோடு சொல்ல வேண்டும், ஏனென்றால் இது குற்றம் என்று யாரும் பெயர் வைக்காத நிலையிலேயே தொடங்குகிறது. எங்கள் பிளாட்டூனின் பெண் சிப்பாய் ஒருவர் ஒரு நாள் காலை, அணிவகுப்புக்கு அரை மணி முன்னதாக வந்து, தயங்கித் தயங்கித் தன் போனை என்னிடம் நீட்டினார். லெப்டினன்ட்டிடமிருந்து வந்த குறுஞ்செய்திகள். பணி நேரம், வண்டி புறப்படும் இடம், கொண்டுவர வேண்டிய பொருள் என்று எல்லாம் ஒழுங்கானவை. கடைசியாக ஒன்று, முந்தைய நாள் இரவு பதினொரு மணியை நெருங்கும்போது வந்தது: “தூங்கிட்டீங்களா?” அவ்வளவுதான். அதில் ஒரு தகாத சொல்லும் இல்லை. அந்தப் பெண் சொன்னார்: “பதில் போட்டா ஒரு அர்த்தம் ஆயிடும் சார்ஜென்ட். போடலைன்னா காலையில அவர் முன்னாடி எப்படி நிக்கிறது? என் ரிப்போர்ட்டை அவர்தானே எழுதணும்?” ஒரே ஒரு சொல்லை அனுப்பிவிட்டு அதிகாரி தூங்கிப் போயிருக்கலாம், அந்தச் சிப்பாய் தூங்கவில்லை.

நான் லெப்டினன்ட்டைத் தனியே பார்த்துப் பேசினேன். அவர் அதிர்ந்துபோனார். தனக்குத் தூக்கம் வரவில்லை, பேச யாரும் இல்லை, அன்று பயிற்சியில் அந்தச் சிப்பாய் நன்றாகச் செய்திருந்ததால் பாராட்டலாம் என்று நினைத்ததாகச் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். பாராட்டை மறுநாள் காலை, பிளாட்டூன் முன்னிலையில் சொல்லியிருக்கலாமே என்றேன். அதற்குப் பிறகு பணி தொடர்பான எல்லாச் செய்திகளையும் பிளாட்டூனுக்கான பொதுக் குழுவிலோ என் வழியாகவோ மட்டுமே அனுப்பினார். நல்ல அதிகாரியாகவே தொடர்ந்தார். கழகத்தில் யாராவது ஒருவர், அதிகாரியின் கையிலிருந்து போகும் ஒரு சொல் சிப்பாயின் கைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை அவருக்குச் சொல்லியிருந்தால், அந்தப் பெண்ணுக்கு அந்த இரவு நேர்ந்திருக்காது.

பணத்தைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. சிப்பாயிடம் கடன் வாங்கவும் கூடாது, கடன் கொடுக்கவும் கூடாது, கூட்டாகத் தொழில் நடத்தவும் கூடாது, சேர்ந்து சூதாடவும் கூடாது. அமெரிக்கத் தரைப்படை விதிகள் இவற்றைத் தடுத்துவிட்டு, ஒரு முறை காரையோ வீட்டையோ விற்பது போன்ற பரிமாற்றத்தையும், வாடகைக்கு வீடு விடுவதையும் மட்டும் விலக்காக வைத்திருக்கின்றன. சிப்பாய் பண நெருக்கடியில் இருந்தால் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதைவிட, படையில் அதற்கென இருக்கும் நலநிதிக்கும் அலுவலருக்கும் அவரைக் கொண்டு சேர்ப்பதே உதவி என்பதை மட்டும் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்; இரக்கமுள்ள இளைஞர்கள் தடுமாறும் இடம் இது.

அதிகாரத்தைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்துவது பற்றியோ வகுப்புகளில் போதிய பேச்சே இல்லை. வார இறுதியில் வீடு மாற்றும்போது பெட்டி தூக்க நான்கு பேரைக் “கேட்டுக்கொள்வது”, தன் வண்டியைக் கழுவச் சொல்வது, கடைக்கு அனுப்புவது ஆகியவற்றை எல்லை மீறல் என்றே பல இளம் அதிகாரிகள் நினைப்பதில்லை. அதிகாரி கேட்டால் அது வேண்டுகோள் ஆகாது. சிப்பாய் காதில் அது ஆணையாகவே விழும். ஜெர்மனியின் 1956-ஆம் ஆண்டுப் படைவீரர் சட்டம் தன் 10-ஆம் பிரிவில், மேலதிகாரி பணி சார்ந்த நோக்கங்களுக்காக மட்டுமே ஆணையிடலாம் என்று ஒரே வரியில் கட்டுப்படுத்துகிறது. அதே பிரிவுதான், தனக்குக் கீழ் உள்ளவர்களின் நலனைக் கவனிப்பது மேலதிகாரியின் கடமை என்றும் சொல்கிறது. அக்கறையையும் கட்டுப்பாட்டையும் ஒரே பிரிவில் வைத்திருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

தள்ளி வைப்பவர்கள் செய்யும் தவறுக்கு இங்கிருந்து வருகிறேன். எல்லை மீறல் என்றாலே அளவுக்கு மீறிய நெருக்கம் என்று மட்டும் நினைக்கிறார்கள். பலர் முன்னிலையில் சிப்பாயை இழிவாகப் பேசுவதும், வயதில் மூத்த சார்ஜென்ட்டை ஒருமையில் விளிப்பதும், கை ஓங்குவதும் அதே எல்லையை மறுபக்கத்திலிருந்து மீறுவதுதான். இந்தியாவின் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, தனக்குக் கீழ் உள்ளவரைத் தாக்குவதையோ வேறு வகையில் கொடுமைப்படுத்துவதையோ, ஏழாண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றமாக வைத்திருக்கிறது. சிப்பாயின் மீது அதிகாரிக்கு இருப்பது பணியின் அளவுக்கு உட்பட்ட அதிகாரம். பணியின் அளவைத் தாண்டி அன்பு காட்டினாலும் அது அளவு மீறல், ஆத்திரம் காட்டினாலும் அளவு மீறல். இந்த இரண்டையும் ஒரே வகுப்பில், ஒரே பாடமாக நடத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தனித்தனியாக நடத்தும்போதுதான், நெருக்கத்துக்குப் பயந்தவர் கடுமையில் போய் விழுகிறார்.

எல்லையைக் காத்துக்கொண்டே எவ்வளவு அருகில் நிற்க முடியும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். தந்தை இறந்த செய்தி நள்ளிரவில் வந்த சிப்பாய் ஒருவருக்காக, எங்கள் லெப்டினன்ட் ஒருவர் படுக்கையிலிருந்து எழுந்து வந்து, விடுப்புத் தாளை அவரே நிரப்பி, கமாண்டரை எழுப்பிக் கையொப்பம் வாங்கி, வண்டி வரும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதே லெப்டினன்ட் அந்தச் சிப்பாயோடு ஒருநாளும் மது அருந்தியதில்லை, தன் சொந்தக் கவலைகளை அவரிடம் இறக்கி வைத்ததில்லை. பிளாட்டூனில் ஒவ்வொருவரின் வீட்டு நிலவரமும் அவருக்குத் தெரியும். அவருடைய வீட்டு நிலவரம் எங்களில் யாருக்கும் அதிகம் தெரியாது. இப்படிப்பட்ட அதிகாரியைச் சிப்பாய்கள் கல்நெஞ்சர் என்று நினைப்பதில்லை. கால்பந்தாட்டத்தில் அவர் எங்களோடு ஓடினார், குடும்ப விழாக்களுக்கு அழைத்தால் வந்து வாழ்த்திவிட்டுப் போனார். எந்தப் படையின் விதியும் இவற்றைத் தடுத்ததாக நான் அறியவில்லை. அமெரிக்கத் தரைப்படை விதிகள், படைப்பிரிவு அளவிலான நிகழ்ச்சிகள், விளையாட்டு அணிகள், வழிபாடு, குடும்பக் கூட்டங்கள் ஆகியவற்றில் இயல்பாகக் கலந்துகொள்வதைத் தடுப்பது நோக்கமில்லை என்று வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கின்றன.

சிப்பாயாக இருந்து அதிகாரியாக உயர்பவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. நேற்றுவரை ஒரே கூடாரத்தில் படுத்த நண்பர்கள் இன்று தனக்குச் சல்யூட் அடிக்க வேண்டியவராக அவர் மாறுகிறார். அந்த மாற்றத்தை அவர் நண்பர்களிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு யாரும் அவருக்குச் சொற்கள் தருவதில்லை. சிலர் கூச்சத்தால் ஒன்றுமே மாறாதது போல நடந்துகொள்கிறார்கள். சிலர் ஒரே நாளில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பழைய நண்பர்களை நேரில் அழைத்து, “நம் நட்பு மனத்தில் இருக்கும், ஆனால் இனி நான் எடுக்கும் முடிவுகளில் அது இருக்காது, இருக்கவும் கூடாது” என்று ஒரு முறை மனம் விட்டுப் பேசிவிட்டால் போதும், சிப்பாய்கள் புரிந்துகொள்வார்கள். இயன்றவரை அவர்களைப் பழைய பிரிவுக்கே அனுப்பாமல் வேறு பிரிவுக்கு நியமிப்பதும் நல்லது. கமிஷனுக்கு முன்பே நடந்த திருமணங்கள் செல்லும் என்றாலும், தம்பதியர் ஒரே கட்டளைத் தொடரில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது பணியமர்த்துபவர்களின் பொறுப்பு.

எங்கள் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சார்ஜென்ட்டுகள் பல நேரம் வாய் திறப்பதில்லை. அவர் அதிகாரி, நாம் எப்படிச் சொல்வது என்று ஒதுங்கிவிடுகிறோம். நிலைமை கைமீறிய பிறகு கமாண்டரிடம் போகிறோம். அப்போது அந்த இளைஞருக்கு எஞ்சுவது விசாரணை ஒன்றுதான். முதல் வாரத்திலேயே லெப்டினன்ட் தன் சார்ஜென்ட்டைப் பார்த்து, “நான் எல்லை தாண்டுவது போலத் தெரிந்தால் தனியே சொல்லிவிடுங்கள், நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்” என்று சொல்லியிருந்தால் எங்கள் வாய் திறக்கும். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் பழக்கத்தை உங்களால் கற்றுக்கொடுக்க முடியும். அதற்கு ஈடான விதி எதையும் எனக்குத் தெரிந்து எந்தச் சட்டமும் எழுதிவைக்கவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. இந்தப் பாடத்தைச் சட்டப் பிரிவு அலுவலரிடம் மட்டும் விட்டுவிடாமல், பணியில் இருக்கும் சார்ஜென்ட்டுகளையும் சிப்பாய்களையும் வகுப்புக்கு அழைத்துப் பேச விடுங்கள்; அதிகாரி அனுப்பிய செய்தி தங்களுக்கு எப்படிக் கேட்டது என்பதை அவர்களே சொல்லட்டும். தண்டனை பெற்றவர்களின் கதைகளை விட, தண்டனைக்கு வராத சின்னச் சின்னச் சூழல்களை விவாதத்துக்கு வையுங்கள்: நட்பு அழைப்பை ஏற்பதா, பிறந்த நாள் பரிசை வாங்குவதா, சிப்பாய்கள் கூடும் இடத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு எப்போது எழுந்து வருவது, மனத்தாங்கலோடு வரும் சிப்பாயின் கதையைக் கேட்கும்போது அறைக் கதவைத் திறந்து வைப்பதா. பார்ப்பதற்கு அற்பமாகத் தெரியும் இந்தக் கேள்விகளில்தான் இளம் அதிகாரிகள் தினமும் முடிவெடுக்கிறார்கள். ஏற்கெனவே ஓர் எல்லையைத் தாண்டிவிட்டவர், அது பெரிதாவதற்கு முன், தண்டனைக்கு அஞ்சாமல் யாரிடம் போய்ப் பேசலாம் என்பதையும் கமிஷன் பெறும் நாளுக்கு முன்பே அவருக்குத் தெரியப்படுத்துங்கள். பின்வாங்க வழி தெரியாதவர்தான் மறைக்கத் தொடங்குகிறார்.

அவர்களுடைய தனிமைக்கும் ஏதாவது செய்யுங்கள். ஒரே ஆண்டில் பயிற்சி முடித்தவர்கள் முதல் பணியிடத்தில் சேர்ந்த பிறகும் ஒருவரோடொருவர் தொடர்பில் இருக்க ஏற்பாடு செய்யுங்கள்; முதலாண்டில் ஒவ்வொருவருக்கும், அவருடைய அறிக்கையை எழுதாத மூத்த அதிகாரி ஒருவரை வழிகாட்டியாக நியமிக்கும்படி படைப்பிரிவுகளைக் கேளுங்கள். இரவு பதினொரு மணிக்குத் தூக்கம் வராத லெப்டினன்ட்டுக்கு, தன் சிப்பாயைத் தவிர, போன் செய்ய வேறொருவர் இருக்க வேண்டும்.

அடுத்து வெளிவரவிருக்கும் அணியினருக்கு இந்தப் பாடத்தை யார், எத்தனை மணி நேரம், எந்த முறையில் நடத்தப் போகிறார்கள் என்பதை நீங்கள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வகுப்பில் வந்து பேச ஓய்வு பெற்ற சார்ஜென்ட் ஒருவர் தேவைப்பட்டால், அழைத்தால் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிளாட்டூன் சார்ஜென்ட் ஒருவர்